பி.எஸ்.ஏ. நான்கைத் தாண்டினால்...

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை தேவையான ஒன்றுதான். ஆனால் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு 4-ஐத் (ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம்) தாண்டினாலே புற்றுநோய் என்கிற தொனியில் அதை முடித்திருப்பது சரியில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரிப்போர்ட்டில் அந்த எண் தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்து, டாக்டரிடம் போவதற்கு முன்பே வெலவெலத்துப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் புரதம். விந்து நீர்த்துப் போக உதவுவதுதான் அதன் வேலை. ஆரோக்கியமான சுரப்பியும் அதைச் சுரக்கும். வயதாகிச் சுரப்பி பெருத்தாலும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் அளவு ஏறும். இன்னொரு பக்கம், பெருத்த சுரப்பியைச் சுருக்கத் தரும் ஃபினாஸ்டெரைடு மாத்திரையைச் சில மாதங்கள் சாப்பிட்டவருக்கு அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். அவருக்கு 3 என்று வந்தால் அதை 6 என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை.

இந்தப் புரதத்தின் அளவைப் பார்ப்பது உண்மையில் எதற்கு உதவும் என்பதற்கு ஸ்வீடனின் மால்மோ நகர ஆய்வைச் சொல்லலாம். 60 வயதில் 1,167 ஆண்களிடம் எடுத்த ரத்தத்தைச் சேமித்து வைத்து, 85 வயது வரை அவர்களைக் கவனித்தார்கள். 2010-இல் முடிவு வெளியானது. புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு 60 வயதிலேயே பி.எஸ்.ஏ. 2-க்கு மேல் இருந்திருக்கிறது. 1 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு இந்நோயால் சாகும் வாய்ப்பு வெறும் 0.2 சதவீதம். அதற்காக 2-ஐத் தாண்டியவர்கள் எல்லாம் அலற வேண்டியதில்லை, அவர்களிலும் பெரும்பாலோரின் சாவுக்கு இந்தப் புற்றுநோய் காரணமில்லை.

புற்றுநோய் என்றே உறுதியானாலும் உடனே கத்தி வைக்க வேண்டும் என்பதில்லை. பிரிட்டனின் 'புரொடெக்ட்' ஆய்வில், சுரப்பியைத் தாண்டிப் பரவாத நோயுள்ள 1,643 பேரை அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்று குழுவாகப் பிரித்தார்கள். 15 ஆண்டுகளுக்குப் பிறகு இந்நோயால் இறந்தவர்கள் மூன்று குழுவிலும் 2 முதல் 3 சதவீத அளவில்தான். கண்காணிப்புக் குழுவில் சுமார் நான்கில் ஒருவர் எந்தச் சிகிச்சையும் எடுக்காமலே உயிருடன் இருந்தார்.

அப்படியென்றால் யாருடைய கட்டி மெதுவாக வளரும், யாருடையது வேகமாகப் பரவும் என்பதுதான் கேள்வி. பயாப்சியில், அதாவது சோதனைக்காகச் சுரப்பியிலிருந்து எடுக்கும் சிறு திசுவில், செல்கள் பிரிந்து பெருகும்போது தென்படும் கி-67 புரதம் கூடுதலாக இருப்பதும், கட்டி வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் பி.டி.இ.என். புரதம் காணாமல் போயிருப்பதும் வேகமான கட்டிக்கு அடையாளமாகக் கருதப்படுகின்றன. எல்லோருக்கும் இவற்றைப் பார்ப்பதில்லை, பார்க்கத் தேவையும் இல்லை.

கேட்காமலே பி.எஸ்.ஏ.வையும் சேர்த்துக் கொடுக்கும் 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜ்கள் பெருகிவிட்ட காலம் இது. எப்போது திரும்ப டெஸ்ட் எடுக்கலாம், ஃப்ரீ பி.எஸ்.ஏ. (ரத்தத்தில் வேறு புரதங்களோடு ஒட்டாமல் இருக்கும் பி.எஸ்.ஏ.) எதற்கு, பயாப்சிக்கு முன் எம்.ஆர்.ஐ. தேவையா என்பதையெல்லாம் ஒரு சிறுநீரகவியல் மருத்துவரிடம் கேட்டு, அடுத்த இதழிலாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
தஞ்சாவூர்