மீன்பாட்டுக் கணக்கில் மீனவருக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகப்பட்டினத்திற்கு வடக்கே உள்ள ஒரு மீனவ ஊரில் ஏலக் கணக்கு எழுதிவரும் நான், நம் கடலின் மீன்வளத்தைக் கணக்கெடுக்கும் பணியில் மீனவர்களையும் பங்காளிகளாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் களப்பணியாளர்கள் தேர்ந்தெடுத்த நாள்களில் இறங்குதளத்திற்கு வந்து, கரைசேரும் படகுகளில் சிலவற்றைப் பார்வையிட்டு, என்ன மீன், எவ்வளவு எடை என்று குறித்துக்கொள்கிறார்கள். அந்த மாதிரியிலிருந்தே மாநிலத்தின் மொத்த மீன்பாடு, அதாவது பிடிபட்டுக் கரைசேரும் மீனின் அளவு, மதிப்பிடப்படுகிறது. 1947-இல் தொடங்கிய அந்த நிறுவனம் பல பத்தாண்டுகளாக இதை விடாமல் செய்துவருவதால்தான் இந்தியக் கடல்மீன் பற்றிய நீண்ட தொடர்கணக்கு ஒன்று நம்மிடம் இருக்கிறது. அந்த உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மதிப்புண்டு. ஆனாலும், கரையில் நிற்பவர் கண்ணுக்குக் கரைக்கு வந்த மீன்தான் தெரியும். பல நாள் தங்கிப் பிடித்துத் திரும்பும் விசைப்படகு எத்தனை பாக ஆழத்தில் மடி (வலை) போட்டது, எத்தனை முறை இழுத்தது, வலையின் கண்ணளவு என்ன, விலைபோகாது என்று கடலிலேயே கொட்டியது எவ்வளவு, அன்று நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் ஓடியது என்பவையெல்லாம் படகில் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த செய்திகள். ஒரே அளவு மீன் இரண்டு மணி நேரத்தில் கிடைத்ததா, இரண்டு நாள் அலைந்து கிடைத்ததா என்பது தெரியாவிட்டால், கடலில் மீன் பெருகுகிறதா குறைகிறதா என்று எந்த விஞ்ஞானியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கழிசல் மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மீன்தூளுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகும் இந்தக் குவியல் என் ஏட்டில் எடையும் விலையுமாக ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அதற்குள் சங்கரா, வாளை, காரல் ஆகியவற்றின் குஞ்சுகள் எத்தனை கிடக்கின்றன என்பதை யாரும் பிரித்து எழுதுவதில்லை. வளர்ந்து நல்ல விலைக்குப் போயிருக்க வேண்டிய மீன் அது. மாதத்தில் சில நாள்களாவது ஒரு கூடை கழிசலைப் படகுக்காரர்களே ஒதுக்கிவைத்து, பயிற்சி பெற்ற ஊர் இளைஞர்கள் அதை இனம் பிரித்து நீளம் அளந்தால், குஞ்சு மீன் இழப்பு பற்றிய வாதம் வெறும் குற்றச்சாட்டாக நில்லாமல் கணக்காகிவிடும்.

தடைக்காலமும் அப்படித்தான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தமிழ்நாட்டில் 2017-க்கு முன்பு இது 45 நாள்களாக இருந்தது. இந்த மாதங்கள்தாம் நம் கரையின் மீன்களுக்குச் சினைக்காலமா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எங்கள் பஞ்சாயத்துக் கூட்டங்களில் எழுகிறது. ஆண்டு முழுவதும் சந்தையில் மீன் அரியும் பெண்கள் எந்த மாதம் எந்த மீனின் வயிற்றில் சினை இருக்கிறது என்பதை நாள்தோறும் பார்க்கிறார்கள். அவர்களிடம் இதுவரை யாரும் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து எழுதச் சொன்னதை நான் கண்டதில்லை.

இவ்வகைக் கூட்டுப்பணி வேறு நாடுகளில் நடைபெற்றுவருகிறது. நார்வேயின் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2000-ஆம் ஆண்டு முதல் சில மீன்பிடிப் படகுகளை ஒப்பந்தம் செய்து, படகுத் தொழிலாளர்களையே மீனின் நீளத்தை அளக்கவும், வயதைக் கணிக்க உதவும் செவிக்கற்களை எடுக்கவும் பழக்கி, அந்த வேலைக்கு ஊதியமும் தருகிறது. மாறாக, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன் சிறுத்தும் குறைந்தும் வருகிறது என்று கரையோரச் சிறுமீனவர்கள் 1980-களில் எச்சரித்தபோது, ஆழ்கடல் கப்பல்களின் கணக்கை நம்பியிருந்தவர்கள் அதற்குரிய மதிப்பைத் தரவில்லை. 1992-இல் அந்த மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர்.

நம் மீனவர்கள் விவரம் தரத் தயங்குவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. மீன் கிடைத்த இடத்தைச் சொன்னால் மறுநாள் அங்கே நூறு படகு நிற்கும். சர்வதேசக் கடல் எல்லை அருகில் இருப்பதால் இருப்பிடத்தை எழுதிக்கொடுப்பதே வம்பாகலாம் என்ற பயமும் இருக்கிறது. மீன் கூட்டத்தை வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் பெரிய வலையான சுருக்குமடி பற்றிய வழக்குகளுக்குப் பிறகு, தாங்கள் தரும் எண் தங்களுக்கே எதிரான சாட்சியாகும் என்று அதைப் பயன்படுத்துவோர், எதிர்ப்போர் ஆகிய இரு தரப்பினரும் நினைக்கிறார்கள். ஆகவே, தனிப்பட்ட படகின் விவரம் அபராதத்துக்கோ வழக்குக்கோ பயன்படாது என்று அரசு எழுத்தில் உறுதி தர வேண்டும். இடத்தைத் துல்லியமாகக் கேட்காமல் பெரிய கட்டங்களாகப் பதிந்தால் போதும். எடுத்த கணக்கின் முடிவு தமிழில், அதே ஊரின் பஞ்சாயத்தார் முன் படித்துக் காட்டப்பட வேண்டும். பயிர் அறுவடைப் பரிசோதனையில் தன் வயலின் விளைச்சல் எடைபோடப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் உழவருக்குள்ள வாய்ப்பு, கடலில் உழைப்பவருக்கும் வேண்டும்.

டெல்டாவுக்கே உரிய ஒரு தேவையும் உண்டு. மேட்டூரின் நீர்மட்டமும் திறப்பும் நாள்தோறும் பதிவாகின்றன. ஆற்றுநீர் கழிமுகத்திற்கு வந்த ஆண்டில் இறாலும் நண்டும் எப்படி, வராத ஆண்டில் எப்படி என்பதைக் கொள்ளிடம் முகத்துவாரத்திலும் முத்துப்பேட்டை காயலிலும் தொழில் செய்பவர்கள் அனுபவத்தில் பேசுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க, அவர்களின் அன்றாடப் பிடிப்பு முதலில் எழுதப்பட வேண்டும்.

நாகப்பட்டினத்திலேயே மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அடுத்த தடைக்கால ஓய்வில் அதன் ஆசிரியர்களும் மீன்வளத் துறையினரும் பழையாறு முதல் கோடியக்கரை வரை சில ஊர்களின் பஞ்சாயத்தாரை அழைத்துப் பேசி, விருப்பமுள்ள படகுகளைத் தேர்ந்து, ஜூன் 15 அன்று முதல் குறிப்பேட்டுடன் அவற்றைக் கடலுக்கு அனுப்பலாம். தங்கள் நாளிதழ் மேட்டூர் நீர்மட்டத்தை வெளியிடுவதுபோல் நாகை, பழையாறு துறைகளின் மீன் வரத்தையும் வாரம் ஒருமுறையேனும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர் ஏல ஏட்டின் விவரங்களைப் பஞ்சாயத்தின் ஒப்புதலோடு தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மீன் ஏலக் கணக்கர் ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்