திராஸ் வழியாகப் போகும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

இங்கு நாங்கள் அனைவரும் நலம். நண்பர்களோடு ஸ்ரீநகரிலிருந்து லே வரை மோட்டார் சைக்கிளில் போகப்போவதாக நீ சொன்ன நாளிலிருந்தே இதை உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். நீ அனுப்பிய பயணத் திட்டத்தில் திராஸுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருப்பதைப் பார்த்தேன். அந்த அரை மணி நேரத்தை ஒரு முழுப் பகலாக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்தக் கடிதம்.

1999-இல் கார்கில் போரின்போது உன் பெரிய மாமா அங்கே பீரங்கிப் படையில் இருந்தார் என்பது உனக்குத் தெரியும்; அதைப் பற்றி அவர் பேசமாட்டார் என்பதும் தெரியும். அந்த ஆண்டு மே மாதம் முதல் ஜூலை வரை அவரிடமிருந்து வீட்டுக்கு ஏழு கடிதங்கள் வந்தன. பாட்டி அவற்றை மற்றக் கடிதங்களோடு கம்பியில் குத்தி, சாமி மாடத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அனுப்புநர் முகவரியில் மாமாவின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு, அவற்றுக்குக் கீழே 56 ஏ.பி.ஓ. என்று மட்டுமே இருக்கும். ராணுவத் தபால் நிலையத்தின் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆள் எந்த மலையடியில் இருக்கிறார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, ஏற்பாடே அதற்காகத்தான். எங்களுக்கு மலைகளின் பெயர்கள் தொலைக்காட்சியிலிருந்து கிடைத்தன, மாமாவின் கையெழுத்து தபால்காரரிடமிருந்து கிடைத்தது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழியில்லாமல் மூன்று மாதங்கள் கழிந்தன. இரவுச் செய்தியில் பீரங்கி முழங்கும் காட்சி வந்தால் பாட்டி எழுந்து பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, ஓடித் திரியும் ஒவ்வொருவர் முகத்தையும் தேடுவார்.

அந்த ஏழில் ஜூன் 12 என்று தேதியிட்ட ஒரு கடிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துப் பார். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்குகிறது. குளிர் கொஞ்சம் உண்டு, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, அம்மாவின் கண் ஆபரேஷனை என் விடுமுறைக்காகத் தள்ளிப்போட வேண்டாம், கொல்லையில் வைத்த தென்னங்கன்று பிழைத்துக்கொண்டதா என்று எழுதுங்கள் என இரண்டு பக்கங்கள். போர் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. கடிதத்தின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புக் கறை இருக்கும். நகலிலும் அது விழுந்திருக்கிறது. பேனா மை கசிந்திருக்கிறது என்றே நாங்கள் பல ஆண்டுகள் நினைத்திருந்தோம்.

2014-இல் மாமாவோடு நானும் உன் அப்பாவும் திராஸுக்குப் போனபோது நீ விடுதியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாய். அந்தப் போரில் இறந்தவர்களுக்கான நினைவிடம் நெடுஞ்சாலையை ஒட்டியே, டோலோலிங் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. உள்ளே நுழைவதற்கு முன்பே மாமா சாலையோரத்தில் நின்று மேலே பார்த்தார். அந்த உச்சியில் இருந்த பாகிஸ்தான் படையினருக்கு இந்தச் சாலையில் போகும் ஒவ்வொரு வண்டியும் தெரிந்தது, அதனால்தான் முதலில் அதைப் பிடிக்க வேண்டியிருந்தது, அதற்கு மூன்று வாரங்கள் ஆயின என்று சொன்னார். புல்கூட அதிகம் இல்லாத, மறைந்துகொள்ள ஒரு மரமும் இல்லாத அந்தச் சரிவை நேரில் பார்த்தபோதுதான், இரவில் மட்டுமே ஏறினார்கள் என்று அந்நாளில் செய்திகளில் கேட்டதற்கு எனக்குப் பொருள் விளங்கியது.

பிறகு கைப்பையிலிருந்து அந்த ஜூன் 12 கடிதத்தை எடுத்து மாமாவிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டோலோலிங்கின் மீது கடைசித் தாக்குதல் அன்று இரவுதான் தொடங்கியது, ராஜ்புதானா ரைபிள்ஸின் 2-ஆவது பட்டாலியன் வீரர்கள் 13-ஆம் தேதி விடியும் முன் உச்சியைப் பிடித்தார்கள், அவர்கள் ஏறுவதற்கு வழிவிட எங்கள் பீரங்கிகள் ஓயாமல் சுட வேண்டியிருந்தது, அதற்கு முன் கிடைத்த சிறிது நேரத்தில் குண்டுப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்து எழுதினேன் என்றார். கறை மை அல்ல, பீரங்கிக்குப் போடும் கிரீஸ். படையின் இருப்பிடத்தை எழுதக் கூடாது என்ற விதி இருந்தது உண்மைதான், ஆனால் விதி இல்லாவிட்டாலும் வேறு எதை எழுதியிருப்பேன், அம்மா அதைக் கம்பியில் குத்தி வைத்துத் தினமும் படிப்பார் அல்லவா என்று கேட்டார். அவருடைய இடது காது ஏன் கேட்பதில்லை என்பதை நான் அறிந்ததும் அங்கேதான்.

எல்லாருடைய கடிதங்களும் இப்படி மறைத்துப் பேசியவை அல்ல. அதே 2-ஆவது பட்டாலியனில் இருந்த கேப்டன் விஜயந்த் தாப்பர், ஜூன் மாதக் கடைசியில் இன்னொரு முகட்டின் மீது தாக்குதலுக்குப் புறப்படும் முன் தன் பெற்றோருக்கு எழுதி வைத்த கடிதம் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கிறது. திரும்பி வராவிட்டால் மட்டும் சேர்ப்பிக்கும்படி விட்டுச்சென்ற கடிதம் அது. ஜூன் 29-ஆம் தேதி அவர் இறந்தபோது அவருக்கு வயது 22. தனக்கு வருத்தம் ஏதும் இல்லை என்கிறார். தன் உடலிலிருந்து எந்த உறுப்பை எடுக்க முடியுமோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். தனக்குத் தெரிந்த ஒரு சிறுமிக்கு மாதம் 50 ரூபாய் தவறாமல் கொடுக்கச் சொல்கிறார். இவற்றோடு இன்னொன்றும் கேட்கிறார்: முடிந்தால் இங்கே வந்து, ராணுவம் எங்கே போரிட்டது என்று பாருங்கள் என்கிறார். ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய தந்தை அந்தச் சொல்லைத் தட்டாமல் திராஸுக்குப் போய் வருகிறார். மகன் விழுந்த முகட்டுக்கும் ஏறிப் பார்த்திருக்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் அந்த மூச்சுத் திணறும் உயரத்துக்கு ஏன் போக வேண்டும் என்று முன்பு எனக்குத் தோன்றியதுண்டு. மாமாவின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே மலைகளுக்குக் கீழே நின்ற பிறகு தோன்றவில்லை.

வீட்டிலிருந்து போன கடிதங்களையும் மறந்துவிடாதே. டோலோலிங்கில் மே 30-ஆம் தேதி உயிரிழந்த மேஜர் ராஜேஷ் அதிகாரி, புறப்படும் வேளையில் வந்து சேர்ந்த மனைவியின் கடிதத்தை, வேலை முடிந்தபின் நிதானமாகப் படிக்கலாம் என்று பிரிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார் என்று அப்போதைய செய்திகளில் படித்தோம். திருமணமாகி ஓராண்டுகூட நிறையவில்லை. அதைப் படித்த அன்று உன் பாட்டி, தான் மாமாவுக்கு எழுதச் சொன்ன கடிதங்களெல்லாம் பிரிக்கப்பட்டனவா என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டார். நான் என்ன பதில் சொல்ல முடியும்?

நினைவிடத்தின் சுவரில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் போரில் இறந்த இந்திய வீரர்கள் 527 பேர் என்பது அரசின் கணக்கு. அதில் திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் பெயரைத் தேடிப் பார். அவர் படாலிக் பகுதியில் மே 29-ஆம் தேதி விழுந்தார். பீகார் படைப்பிரிவைச் சேர்ந்தவர் என்பதால் அங்கே வரும் நம்மூர்க்காரர்கள் பலர் அவரை அறியாமலே கடந்துபோகிறார்கள். ஒரு மாதத்துக்கும் மேலாக அவருடைய உடலை மலையிலிருந்து மீட்க முடியவில்லை; ஜூலையில்தான் ஊருக்கு வந்தது. முந்தைய போர்களில் களத்திலேயே எரியூட்டிவிட்டு வீட்டுக்குத் தந்தி அனுப்புவதுதான் வழக்கமாக இருந்தது. உடல்களை வீடு வரை கொண்டுவந்து சேர்த்தது கார்கிலில்தான்.

ஆகவே உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். ஜோஜி லா கணவாயைத் தாண்டி வந்ததும் களைப்பாக இருக்கும், திராஸே 10,000 அடிக்கு மேல். அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலையில் நினைவிடத்துக்குப் போ. படம் எடுப்பதற்கு முன் சுவரைப் படி, நினைவுக் கற்களுக்கு நடுவே நடந்து போ, வெளியே வந்தபின் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து மாமாவின் கடிதத்தை ஒருமுறை படி. உன் நண்பர்கள் கேட்டால் அவர்களுக்கும் படித்துக் காட்டு. அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

இன்னொன்று. மாமாவின் பீரங்கியில் அவரோடு வேலை செய்த ஒருவர் பெயரும் அந்தச் சுவரில் இருக்கிறது. 2014-இல் அந்தப் பெயரைக் கண்டுபிடித்த பிறகு மாமா அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார், நாங்கள் தள்ளி வந்துவிட்டோம். மீண்டும் ஒருமுறை போக வேண்டும் என்பார். ஆனால் அந்த உயரத்துக்கு இனிப் போகக் கூடாது என்று இதய மருத்துவர் சொல்லிவிட்டார். நீ போகிறாய் என்று சொன்னதும் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் சார்பில் நீ அந்தப் பெயரைத் தொட்டு வர வேண்டும் என்றார். பெயரை எழுதிக் கொடுங்கள், கடிதத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று கேட்டேன். வேண்டாம், நானே அவனிடம் சொல்கிறேன் என்றார். புறப்படுவதற்கு முன் அவரைக் கூப்பிடு. விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார். வலது காதில் வைத்துத்தான் பேசுவார், கொஞ்சம் உரக்கப் பேசு.

உன் அம்மா