முடிச்சு அவிழவில்லை, மச்சான்

மச்சான்,

நம் துடுப்புத் தோணியை, அந்தக் கயாக்கை, விற்றுவிட்டேன். நேற்றுப் பின்னேரம் நாயாற்றுப் பக்கத்துப் பொடியன் ஒருவன் பட்டா வாகனத்தோடு வந்து ஏற்றிக்கொண்டு போனான். இதை வட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பியிருப்பேன். ஆனால் ஏற்றுகிற நேரத்தில் ஒன்று நடந்தது. நான் சொல்லாவிட்டால் அந்தப் பொடியன் சொல்லுவான். அவன் சொல்லி, பத்துப் பேர் கைமாறி உன்னிடம் வரும்போது அது வேறு கதையாகிவிடும். நான் கட்டிய முடிச்சு அவிழ்ந்துதான் அந்தப் பெரிய மீன் போனது என்று சொல்லி, ஊர் பார்க்கத்தானே எனக்கு "முடிச்சு" என்று பட்டம் வைத்தாய்? பதிலையும் ஊர் பார்க்கட்டும்.

மூன்று வருடம் கொட்டிலுக்குள் கவிழ்ந்து கிடந்ததில் அதற்குள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. பொடியன் நிமிர்த்தித் தட்டினான். பின் இருக்கைக்குக் கீழே கையை விட்டு, வலப்பக்கக் கைபிடியில் கிடந்த நீலக் கயிற்றை வெளியே இழுத்தான். ஒரு சாண் துண்டு. முடிச்சு அப்படியே இருந்தது, உப்பேறிக் கல்லாகி. நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். இழையெல்லாம் ஒரே மட்டத்தில் நின்றன.

"அண்ணை, இது அறுந்ததில்லை. வெட்டினது."

நான் காசை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாம் தரமும் எண்ணினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இல்லை, முதலில் மற்றவர்களுக்காக ஒரு பந்தி, நீ தாண்டிப் போ. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய்க்கு ஏறியது. அதற்கு முன்னர் மாதக்கணக்கில் கானோடு வரிசையில் நின்றும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்துச் சின்ன வெளியிணைப்பு இயந்திரப் போட்டுகள் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. அந்த நேரத்தில்தான் ஒட்டுசுட்டான்காரனான என் மச்சான், குளத்தில் நீந்தப் பழகியவன், இரண்டு பேர் இருக்கிற பழைய பிளாஸ்டிக் கயாக் ஒன்றைத் தெற்கிலிருந்து வாங்கிக்கொண்டு முல்லைத்தீவில் வந்து இறங்கினான். தண்ணீர் வடிய அதன் அடியில் ஓட்டைகள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கரையே சிரித்தது. ஓட்டைத் தோணியில் கடலுக்குப் போகிற இரண்டு விசர்கள். அந்த ஓட்டைகளால் கடல் உள்ளே வராது, ஏறிய அலை வெளியே போகும் என்று நீ விளங்கப்படுத்த விளங்கப்படுத்தச் சிரிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை.

எங்கிருந்து இறங்கினோம், யாரிடம் சொல்லிவிட்டு இறங்கினோம், எந்தக் கடலடிப் பாறைப் பாருக்கு மேலே நின்றோம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வாசிக்கிறவர்களில் மீன்பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், வேறு ஆட்களும் இருக்கிறார்கள்.

2023 வைகாசி. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு விளக்கெரிக்கக் கடல்தண்ணீர் எடுக்கிற நாளுக்கு முதல் நாள். தண்ணீர் எடுத்துவிட்டால் எங்கள் வீட்டில் பொங்கல் முடியும்வரை மச்சம் மாமிசம் இல்லை. அதுதான் நீ அவசரப்பட்டாய். அம்மா வேண்டாம் என்றா. உன் அம்மாவும் அன்று எங்கள் வீட்டில்தான் நின்றா. நான் துடுப்பை எடுக்கப் போனபோது மாமி கிணற்றடியில் வைத்து என்ன சொன்னா என்று உனக்குத் தெரியாது. "தம்பி, அவனைத் திருப்பிக் கொண்டுவந்து என்னட்டைத் தந்திடு." அவ்வளவுதான். மாமிக்கு மிச்சமிருப்பது நீ ஒருவன். ஏன் என்பது உனக்குத் தெரியும், தெரிய வேண்டியவர்களுக்கும் தெரியும். அந்தக் கதையை நான் இங்கே அவிழ்க்க மாட்டேன்.

மீன் கொளுவியதை நீ ஆயிரம் தரம் சொல்லிவிட்டாய், நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீ சொல்கிற கதையில் பின் இருக்கையில் ஆளே இல்லை. நாற்பது நிமிடம் அது நம்மைக் கிழக்கே இழுத்துக்கொண்டு போனது. தூண்டில் தடியை நீ பிடித்தாய், சரி. மீன் எந்தப் பக்கம் திரும்பினாலும் கயாக்கின் மூக்கை அந்தப் பக்கம் திருப்பியது யார்? மூக்கால் இழுத்தால் எவ்வளவு தூரமும் இழுக்கட்டும். குறுக்கே இழுத்தால் ஒரே இழுவையில் கவிழ்த்துவிடும். இதைச் சொல்லித் தந்ததும் நீதான். இரவிரவாக யூரியூப் பார்த்து வைத்திருந்தாய். தலை ஒருநாளும் கயாக்கின் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது என்றாய். மீன் பக்கத்தில் வந்ததும் றீலின் பிடியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், கடைசி ஓட்டத்தில்தான் தங்கூசி நூல் அறும் என்றாய். அதையெல்லாம் அன்று அப்படியே செய்தாய். அழகாகச் செய்தாய். அதை ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் மனிதனில்லை.

அது பக்கவாட்டில் சரிந்து மேலே வந்தபோது இருவரும் கதைக்கவில்லை. வெள்ளித் தகட்டில் யாரோ கரியைத் தேய்த்த மாதிரி ஒரு பாரை. கண் ஒரு தேங்காய்க் கண்ணை விடப் பெரிது. நீ இரண்டு காலையும் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் தொங்கப் போட்டு இருந்தாய். முதல் தரம் மீனை இழுத்தெடுக்கிற கைக்கொக்கி வழுக்கியது. இரண்டாம் தரம் செவுளுக்குப் பின்னால் ஏறியது. நான் கையுறையோடு வாலைப் பிடித்தேன். வால் ஒடுங்குகிற இடத்தில் இரண்டு பக்கமும் அரம் மாதிரி முள்வரிசை இருக்கும், கையுறையையும் மீறி அது உள்ளங்கையைக் கீறியது. தழும்பு இப்போதும் இருக்கிறது. நீ கண்ணுக்கு மேலே தடியால் இரண்டு அடி போட்டாய், செவுளை வெட்டி இரத்தத்தை வடிய விட்டாய். நீ 30 கிலோ என்கிறாய். 20க்கு மேல் என்று ஒத்துக்கொள்கிறேன், அதற்கு மேல் ஒரு கிலோவும் தர மாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் இந்தக் கடிதம்.

முன்பக்கத்து மூடிக்குள்ளே அது போகாது, வாய் சின்னது. நம் இரண்டு பேருக்கும் நடுவில் படுக்க வைத்துப் பட்டியால் இறுக்குவோம் என்றேன். நீ கேட்கவில்லை. வழுக்கும், இருக்க இடமில்லை என்றாய். அது காரணமில்லை, மச்சான். பக்கத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தால் கரையில் நிற்கிற ஆட்கள் பார்ப்பார்கள், தோணியை விட மீன் நீளம் மாதிரிப் படம் வரும். கயிற்றை வாயால் விட்டுச் செவுளால் எடுத்து வலப்பக்கக் கைபிடியில் கட்டு என்றாய். கட்டினேன். "வடிவாக் கட்டு, அவிழ்ந்தால் உன்னைக் கொல்லுவன்" என்றாய். இருந்த பலமெல்லாம் போட்டு ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று இறுக்கினேன்.

வெயில் ஏறக் கச்சான் எழும்பிவிட்டது. தரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. வலப்பக்கம் மீன் இழுக்க, மூக்கு வலப்பக்கமே திரும்பத் திரும்ப, அந்தப் பக்கமே அழுத்தி அழுத்தித் துடுப்புப் போட்டு என் தோள் செத்துவிட்டது. நீ பாட்டுப் படித்துக்கொண்டு வந்தாய். லைஃப் ஜக்கெற்றை மடித்து இருக்கையில் போட்டு அதற்கு மேலே இருந்துகொண்டு.

கரையலையில் முதலாவது நம்மைத் தூக்கியது. மீன் பின்னுக்கு நின்றுவிட்டது, நங்கூரம் மாதிரி. கயாக் அப்படியே குறுக்காகத் திரும்பிக் கிடந்தது. அலை திரும்பி ஓடியபோது மீனை அடியால் உறிஞ்சியது, வலப்பக்க விளிம்பு தண்ணீருக்குள் போனது. நீயோ மீனைப் பிடிக்க அந்தப் பக்கமே சாய்ந்தாய். தலை நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்த ஆள் இடுப்புவரை வெளியே. கொக்கி உன் காலடியில் கட்டாமல் கிடந்தது. இரண்டாவது அலை எழும்பி நின்றது எனக்குத் தெரிந்தது, உனக்கு முதுகுப் பக்கம்.

முடிச்சில் கை வைத்தேன். அசையவில்லை. நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். அப்புறம் கத்தி.

கயிறு போன அந்த நொடியில் கயாக் துள்ளி நேரானது. ஒரு துடுப்பு, அவ்வளவுதான், அலை நம்மை மணலில் கொண்டுவந்து இருத்தியது. சட்டை கூட முழுசாக நனையவில்லை. நீ திரும்பிப் பார்த்தாய். "அவிழ்ந்திட்டுதோ?" என்றாய். நான் தலையாட்டினேன்.

வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பார், எவ்வளவு கேவலம்.

நீ முழங்காலளவு தண்ணீரில் ஒரு மணித்தியாலம் அங்குமிங்கும் நடந்தாய். நானும் உன்னோடு தேடினேன். கிடைக்கக் கூடாது என்றும் நினைத்தேன். கிடைத்தால் செவுளில் மிச்சக் கயிறு இருக்கும். கரையில் நின்ற கிழவர் ஒருவர் "கட்டத் தெரியாதவன் எல்லாம் கடலுக்கு வாறான்" என்று துப்பினார். கடற்கரையில் பிறந்தவன் நான். குளத்துக்காரனான உன்னைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? முடிச்சு அவிழ்ந்தது என்றால் மன்னிப்பாய், வெட்டினேன் என்றால் உன் ஆயுளுக்கும் கதைக்க மாட்டாய். அப்படித்தான் நினைத்தேன். மன்னித்தாய்தான். மன்னித்துவிட்டு மூன்று வருடம் அதைச் சொல்லிச் சொல்லியே சாகடித்தாய். உன் கலியாணத்தில், தாலியைக் கையில் எடுத்துக்கொண்டு, கமெரா ஓடிக்கொண்டிருக்க, "மூண்டாவது முடிச்சை மட்டும் மச்சானிட்டைக் குடுத்திடாதேங்கோ" என்றாய். மண்டபமே சிரித்தது. மாமியும் சிரித்தா. மாமி சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன். அந்த வீடியோவை எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று கேட்காதே.

அம்மாவின் ஒபரேஷனுக்கு நீ செய்ததை இங்கே எழுதினால் உனக்குப் பிடிக்காது. எழுதவில்லை. ஆனால் ஒவ்வொரு தரமும் நன்றி சொல்ல வாயெடுக்கும்போது அந்தப் பாரை குறுக்கே வந்து படுத்துக்கொள்ளும்.

போன கிழமை கோல் எடுத்து, அடுத்த வைகாசிக்கு வாறன், கயாக்கைக் கழுவி வை, மகனையும் ஏற்றலாம் என்றாய். அன்று இரவே விற்பது என்று முடிவெடுத்தேன். கோபத்தில் இல்லை. கொஞ்சம் கோபத்திலும்தான். இன்னொரு தரம் உன் முதுகுக்குப் பின்னால் கத்தியோடு இருக்க என்னால் ஏலாது.

உன் பாதிக் காசை மாமியிடம் கொடுத்துவிட்டேன். எண்ணிப் பார்க்காமல் மடியில் சொருகிக்கொண்டு, ஏன் விற்றாய் என்று கேட்டா. பழசாகிவிட்டது என்றேன். கிணற்றடியில் சொன்னது அவவுக்கு நினைவிருக்கிறதோ தெரியாது.

இனி உனக்குச் சாதகமான பகுதி. பொடியன் போகும்முன் கேட்டான், பெரிய மீன் அகப்பட்டால் எங்கே கட்டுவது என்று. முதலில் மேலே ஏற்று, கரையலைக்குள் நுழைய முதலே ஏற்று, பக்கத்தில் தொங்கவிடாதே என்றேன். ஏற்ற முடியாவிட்டால்? அப்போது அவனுக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினேன். கடைசிச் சுற்றில் கயிற்றை முழுசாக இழுக்காமல் மடித்து விடுவது. மீன் எவ்வளவு இழுத்தாலும் நிற்கும், நுனியைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் விடும். அப்பா வள்ளம் கட்டுவது இதில்தான். ஏழு வயதில் எனக்கு இது தெரியும். அன்று நீ வடிவாகக் கட்டு என்றதும் அதை மறந்து, அவிழவே அவிழாத ஒன்றைக் கட்டினேன். இதைக் கட்டியிருந்தால் கத்தியே தேவைப்பட்டிருக்காது.

ஆக அது பிழையான முடிச்சுத்தான், மச்சான். நீ நினைத்த பிழை இல்லை.

அந்தத் துண்டைப் பொடியன் தூர எறியப் பார்த்தான். வாங்கி வைத்திருக்கிறேன். வரும்போது கேள்.