கடைக்குள் பீக்கன் பூட்டமுன்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் அந்தக் கம்பனிக்காரர் தந்த விலைத்தாளின் பிரதியும் கிடைத்தன. மத்திய வீதியில் நீ எடுத்த கடைக்குப் பூச்சு வேலை முடிந்துவிட்டது. கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கிறது, கண்ணாடி அலுமாரிகளை இப்போதைக்கு இறக்காதே. இனி நீ கேட்ட விஷயம்: அவர்கள் விற்கும் பீக்கனை, அதாவது பக்கத்தில் வரும் போனுக்கு எந்தத் தட்டு என்று எண்ணால் சொல்லும் சின்னப் புளூடூத் பெட்டியை, கடைக்குள் பூட்டலாமா என்பது.

பீக்கன் வாடிக்கையாளர்களை ஒட்டுக்கேட்கும் என்று உன் மகள் பயப்படுவதாக எழுதியிருந்தாய். பெட்டியைப் பற்றி அவள் நினைப்பது பிழை, பயம் சரி. அந்தப் பெட்டிக்கு வாய் மட்டும்தான், காது இல்லை. உள்ளே ஒரு சிப், ஓர் அன்ரனா, சீஆர் 2032 பொத்தான் பற்றரி. 2010 இல் வந்த புளூடூத் 4.0 இன் குறைசக்தி முறையில் 2402, 2426, 2480 மெகாஹேட்ஸ் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். வைஃபையின் 1, 6, 11 ஆம் சனல்களோடு முட்டாத இடங்கள் அவை. அப்பிள் 2013 இல் கொண்டுவந்த ஐபீக்கன் முறையில் அந்தச் செய்தி மிகச் சின்னது: 16 பைட் அடையாள எண், மேஜர் 2 பைட், மைனர் 2 பைட், கடைசி 1 பைட்டில் ஒரு மீற்றர் தூரத்தில் சிக்னல் எவ்வளவு இருக்கும் என்ற அளவு. மேஜர் 1 திருகோணமலைக் கடை, மேஜர் 2 மட்டக்களப்புக் கடை, மைனர் 7 பட்டுப்புடவைத் தட்டு என்று நீயே வகுத்துக்கொள்ளலாம். முன்னால் நிற்பது யார் என்று பெட்டிக்குத் தெரியவே தெரியாது.

“30 சென்ரிமீற்றர் துல்லியம்” என்று விலைத்தாளில் போட்டிருக்கிறார்கள். அதை நம்பாதே. சிக்னல் குறைவதைப் பார்த்துத்தான் போன் தூரத்தை ஊகிக்கிறது. ஒரு மீற்றரில் சிக்னல் பலம் -59 டிபிஎம் (டெசிபெல் கணக்கில் ஓர் அளவு) என்றால், வெட்டவெளியில் 2 மீற்றரில் -65, 4 மீற்றரில் -71. தூரம் இரட்டிக்க 6 டெசிபெல் குறையும். கடைக்குள் இந்தக் கணக்கு நிற்காது. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அது இந்த அலையை நன்றாக உறிஞ்சும். 2 மீற்றரில் நிற்கும் பெண்ணுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒருவர் வந்து 10 டெசிபெல் குறைந்தால், அவளுடைய போன் 6 மீற்றருக்கு அப்பால் நிற்பதாகக் கணக்குப் போடும். தீபாவளிக்கு முதற்கிழமைச் சனத்தில் எந்தத் தட்டு என்று சொல்வது வெறும் ஊகம்தான். கிட்ட, நடுவில், தூர என்ற மூன்று நிலைக்கு மேல் எதிர்பார்க்காதே.

பூட்டுவதென்றால் ஆள் உயரத்துக்கு மேலே, இரண்டரை மீற்றரளவில் பூட்டு. இரும்பு ராக்கையோடும் பெரிய நிலைக்கண்ணாடியோடும் ஒட்டாதே, அலை தெறித்து அளவு குழம்பும். பூட்டிய இடத்திலேயே ஒரு மீற்றர் தள்ளிப் போனைப் பிடித்து, பத்துச் செக்கனுக்குக் குறையாமல் அளந்து, சராசரியை அந்தக் கடைசி பைட்டில் எழுதவேண்டும். தொழிற்சாலை போட்ட எண்ணை அப்படியே விட்டால் எல்லாத் தூரமும் பிழைக்கும். 100 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை பேசவிட்டால் 220 மில்லியம்பியர்மணிப் பற்றரி சில மாதத்தில் தீரும். ஒரு செக்கனுக்கு ஒரு தடவையென்றால் வருடம் தாண்டும், ஆனால் போன் கண்டுபிடிக்கச் சற்றுச் சுணங்கும். நம்முடைய உப்புக்காற்றில் பற்றரி பிடிக்கும் தகட்டில் பச்சைப் பாசி மாதிரிக் களிம்பு கட்டும். வாசல் பெட்டிக்கு றப்பர் வளையம் போட்ட மூடி கேள்.

இன்னொன்று. மலிவான பெட்டிகள் எல்லாம் ஒரே கடவுச்சொல்லோடும் ஒரே அடையாள எண்ணோடும் வரும், அன்றைக்கே இரண்டையும் மாற்று. மாற்றினாலும் அது இரகசியமில்லை. ஓர் அன்ட்ரொயிட் போனில் என்ஆர்எஃப் கனெக்ட் என்ற இலவச அப்பைத் திறந்தால் எண்கள் அப்படியே தெரியும், அதே எண்ணை வேறு பெட்டியில் ஏற்றி வீட்டிலிருந்தே ஒலிபரப்பலாம். ஆகவே “கடைக்கு வந்தால் புள்ளி” என்று பீக்கனை மட்டும் நம்பிக் கழிவு கொடுக்காதே.

இப்போது மகளின் பயத்துக்கு வருகிறேன். காது இருப்பது போனிலுள்ள அப்புக்கு. அந்தக் கம்பனி உனக்குச் செய்து தரும் அப்புக்குள் விளம்பரக்காரர் ஒருவரின் நிரல்துண்டும் சேர்ந்து வந்தால், “இந்த விளம்பர அடையாள எண் கொண்ட போன், மைனர் 7 க்குப் பக்கத்தில், பின்னேரம் 4.10 முதல் 4.32 வரை” என்று அவருடைய சேர்வருக்குப் போகும். பெயர் போகாது என்பார்கள். அதே துண்டு பாமசியின் அப்பிலும் அடைவு கடையின் அப்பிலும் இருந்தால், ஒரே எண்ணுக்குக் கீழ் மூன்று இடமும் சேர்ந்துவிடும். ஒரு குடும்பத்தின் நோயும் கடனும் அப்போது முன்பின் தெரியாதவர் கையில். 2014 இல் நியூயோர்க்கில் தொலைபேசிக் கூண்டுகளில் விளம்பரக் கம்பனி ஒன்று சனத்துக்குச் சொல்லாமல் ஐந்நூறு பெட்டியளவில் பூட்டியிருந்தது. செய்தி வெளிவந்ததும் நகர நிர்வாகம் கழற்றச் சொன்னது. சனத்தைக் கோபப்படுத்தியது கேட்காமல் பூட்டியதுதான்.

ஆகவே ஒப்பந்தத்தில் இதைக் கேள்: மைனர் எண்ணுக்கும் புடவைக்குமான பட்டியல் அப்புக்குள்ளேயே இருக்கட்டும். பெட்டி சொல்லும் எண்ணைக் கேட்டதும் போன் தானே விலையைக் காட்டட்டும், வெளியே ஒரு பைட்டும் போகவேண்டாம். இதைச் செய்யத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. மாட்டோம் என்றால் அவர்கள் விற்க வந்தது உன் வாடிக்கையாளரை. அப்படியென்றால் விட்டுவிடு. நம் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எதற்காகச் சேர்க்கிறாய் என்று சொல்லி, அதற்கு மட்டும் பாவிக்கவேண்டும் என்கிறது அது. வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகை வை.

மகளிடம் சொல்: அன்ட்ரொயிட் என்றால் இருப்பிட அமைப்புக்குள் போய் “புளூடூத் ஸ்கானிங்” என்பதை அணைக்கட்டும், அது இருக்கும்வரை புளூடூத்தை நிறுத்தினாலும் தேடல் நடக்கலாம். ஐபோனில் மேலிருந்து இழுக்கும் பொத்தான் இணைப்பைத் துண்டிக்குமே தவிர முழுதாக அணைக்காது. அமைப்புக்குள் போய்த்தான் அணைக்கவேண்டும். கடை அப் எதுக்கும் இருப்பிட அனுமதி “எப்போதும்” என்று வேண்டாம்.

மாதிரிப் பெட்டி ஒன்று தந்தால் வரும்போது கொண்டுவா, கழற்றிப் பார்த்து அளந்து தருகிறேன். ஒப்பந்தத்தில் தரவு பற்றிய பக்கத்தை மட்டும் முந்தியே அனுப்பு, கையெழுத்து வைக்கமுன்.

அன்புடன்,
உன் சிவா