மண்ணடி டிராவல்ஸ் உரிமையாளர்களுக்கு: பயண நேரத்தைப் பிரித்து எழுதிக் கொடுங்கள்

மண்ணடியிலும் பாரிமுனையிலும் டிராவல்ஸ் நடத்தும் உரிமையாளர்களுக்கும், கவுண்டரில் அமர்ந்து டிக்கெட் போட்டுக் கொடுப்பவர்களுக்கும் ராயபுரத்துவாசி ஒருவரின் வணக்கம்.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற வடசென்னைக்காரர்கள் பலர், கைபேசியிலேயே எல்லாம் முடிந்துவிடும் இந்நாளிலும் உங்கள் கடைப்படி ஏறித்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். "எத்தனை மணி நேரப் பயணம்?" என்று அவர்கள் கேட்கும்போது, புறப்படும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் விரலால் சுட்டிக் காட்டிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுகிறீர்கள். அந்த இரண்டும் வெவ்வேறு ஊர்க் கடிகாரங்களின் நேரம் என்பதை முதன்முறை பயணம் போகிறவருக்கு யார் சொல்வது?

சென்னையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறத்தாழ ஒரே தூரம். இரண்டுமே 2,900 கிலோமீட்டரை ஒட்டி வரும், இரண்டுக்கும் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் துபாய் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது, சிங்கப்பூருடையது இரண்டரை மணி நேரம் முந்தியது. காலை 10 மணிக்குக் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறந்தால், துபாயில் இறங்கும்போது பகல் 12.45, சிங்கப்பூரில் மாலை 4.45. டிக்கெட்டை மட்டும் பார்ப்பவர் ஒன்றை மூன்று மணி நேரத்துக்கும் குறைவு என்றும் மற்றதை ஏறத்தாழ ஏழு மணி நேரம் என்றும்தான் கணக்குப் போடுவார். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவருக்கு இந்தக் கணக்குப் பிசகு சின்ன விஷயமல்ல.

இணையத்தில் காட்டும் தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்துச் சொல்வதும் சரிப்படாது. அந்தத் தூரம் உருண்டையான பூமியின் மேல் இரு நிலையங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழி. விமானமோ அனுமதிக்கப்பட்ட வான்பாதையில், மூடப்பட்ட வான்வெளியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அட்டவணையில் சேர்ந்தே இருக்கும். ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லண்டனுக்குப் போகும்போது, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக்காற்று எதிரே வருவதால் கூடுதல் நேரமாகும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும்.

இதைவிடப் பெரிய குழப்பம் தேதியில். புறப்படும் நேரம் 15ஆம் தேதி 00.40 என்று அச்சாகியிருந்தால், 14ஆம் தேதி இரவே வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். விம்கோ நகரிலிருந்து மீனம்பாக்கம் வரை மெட்ரோ இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர், அதே போன்ற நேரத்தில் வந்து இறங்குகிற உறவினரை நடுநிசியில் அழைத்துவர மெட்ரோ ஓடாது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். இறங்கும் நேரத்தின் பக்கத்தில் பொடி எழுத்தில் நிற்கும் +1 மறுநாளைக் குறிக்கிறது என்பது உங்களுக்குப் பழக்கம், அவர்களுக்கு இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: நீங்கள் அச்சிட்டுத் தரும் தாளின் அடியில், விமானத்தில் இருக்கும் நேரம், இடையில் மாறும் ஊரில் காத்திருக்கும் நேரம், இறங்கும்போது நம்மூரில் என்ன மணி, வீட்டிலிருந்து கிளம்ப வேண்டிய கிழமை ஆகியவற்றைத் தமிழில் கையால் எழுதிக் கொடுங்கள். கடை முத்திரை குத்துகிற அதே இடத்தில் இரண்டு வரி போதும். அதற்காகத் தனிக் கட்டணம் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ராயபுரத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்