பருவ நிறைவுக் கடிதம், கூடவே வாழைப்பழம் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இன்னொரு பருவம் முடிந்துவிட்டது. விளையாட்டு விழா நன்றாக நடந்தது. ஓடியவர்கள், விழுந்தவர்கள், விழுந்தும் எழுந்து ஓடியவர்கள் எல்லோருக்கும் பாராட்டு. பேச்சு, ஓவியப் போட்டிகளில் பல வகுப்புகள் பரிசு வாங்கின. நூலகத்துக்குப் புது அலமாரிகள் வந்திருக்கின்றன. தேர்வு முடிவுகளும் மொத்தத்தில் மனநிறைவு தருகின்றன.

சரி, இனி வாழைப்பழத்துக்கு வருகிறேன்.

9-ஆம் வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அணு, உணவு, காற்று மூன்றையும் தொட்டுச் செல்லும் வேதியியல் பாடத்தில், வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறிய பகுதி கதிரியக்கம் உடையது என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். அதன் அரை ஆயுட்காலம் எவ்வளவு என்றும் சொல்லியிருக்கிறார். அன்று மாலை ஒரு வீட்டுக்கு இது 'வாழைப்பழம் சாப்பிட்டால் ஆயுள் பாதியாகிவிடும்' என்று போய்ச் சேர்ந்தது. இரவுக்குள் குழு முழுக்கப் பரவியது. மறுநாள் டிபன் டப்பாக்களில் பழம் இல்லை. அதற்கடுத்த நாள் உருளைக்கிழங்கும் கீரையும் காணாமல் போயின; அவற்றிலும் பொட்டாசியம் இருப்பதை யாரோ தேடிக் கண்டுபிடித்திருந்தார்கள்.

நான் பல வருடம் வரலாறு நடத்தியவன். வேதியியல் எனக்குத் தூரத்துச் சொந்தம்தான். அதனால் ஒரு மாலை ஆசிரியை முன்னால் மாணவனாக உட்கார்ந்து கேட்டேன்.

இயற்கையில் கிடைக்கும் பொட்டாசியத்தில் 0.0117 சதவீதம் பொட்டாசியம்-40 என்ற வகை; கதிரியக்கம் உடையது அதுதான். பத்தாயிரம் அணுக்களில் ஒன்றுக்குச் சற்று மேல். அதன் அரை ஆயுட்காலம் சுமார் 125 கோடி ஆண்டுகள். அந்த ஆயுள் அணுவுடையது, பழம் தின்பவருடையது அல்ல. இருக்கிற அணுக்களில் பாதி சிதைந்து வேறு தனிமமாக மாற அவ்வளவு காலம் பிடிக்கும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் நொடிக்குச் சுமார் 15 அணுக்கள் சிதைகின்றன. கேட்கப் பயமாக இருக்கலாம். ஆனால் 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்புக்குள்ளேயே நொடிக்கு 4,000-க்கும் மேற்பட்ட பொட்டாசியம்-40 அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கணக்கில் பழத்தைவிட அதை டப்பாவிலிருந்து எடுத்து வைத்த கைதான் ஆபத்து!

பழம் தின்றால் இந்த அளவு கூடிக்கொண்டே போவதும் இல்லை. உடம்பு தனக்கு வேண்டிய பொட்டாசியத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொண்டு, மிஞ்சியதைச் சிறுநீரகம் வழியாக வெளியேற்றிவிடுகிறது. (சிறுநீரக நோய் உள்ளவர்களிடம் மருத்துவர் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்வதும் இதனால்தான். கதிரியக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.) பொட்டாசியம் இல்லாவிட்டால் நரம்பில் செய்தி ஓடாது, தசை வேலை செய்யாது, இதயம் சீராகத் துடிக்காது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வாழைப்பழத்தில் கிடைப்பது 400 சொச்சம். அதையும் டப்பாவிலிருந்து எடுத்துவிட்டோம்.

எனக்குப் பிடித்தது காற்றுப் பகுதி. பொட்டாசியம்-40 சிதையும்போது பெரும்பகுதி கால்சியமாகிறது, பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆர்கான் வாயுவாகிறது. காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம் என்று நாம் படித்திருப்போம். மூன்றாவதாக 0.93 சதவீதம் ஆர்கான் இருக்கிறது. அது ஏறக்குறைய முழுவதும் பூமியிலுள்ள பொட்டாசியம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்ததால் வந்ததுதான். அரச வம்சங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எனக்கு, ஒவ்வொரு மூச்சிலும் இவ்வளவு பழைய சரக்கு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதையெல்லாம் ஆசிரியை வகுப்பிலும் சொல்லியிருக்கிறார். கதிரியக்கத்தை எண்ணிக் காட்டும் கெய்கர் கருவியைப் பழத்தின் அருகே வைத்து, எண்ணிக்கை ஏறவில்லை என்று காட்டியும் இருக்கிறார். பொட்டாசியம் குளோரைடு பாட்டிலின் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் ஏறியதாம். பிள்ளைகள் சுவாரசியமான பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். நானும் அந்த வயதில் அப்படித்தான்.

பிள்ளை சாப்பிடும் பொருளைப் பற்றிச் சந்தேகம் வந்தால் கேட்காமல் இருக்க எந்தப் பெற்றோராலும் முடியாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இரவு 11 மணிக்கு ஆசிரியையின் சொந்த எண்ணுக்குக் குரல் பதிவுகள் போயிருக்கின்றன. சிலவற்றில் இருந்த சொற்களை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. மறுநாள் காலை வாசலில், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒருவர் அவரை நிறுத்திச் சத்தம் போட்டிருக்கிறார். இதைப் பள்ளி பொறுத்துக்கொள்ளாது. இனி நடந்தால் சம்பந்தப்பட்டவரை அழைத்து எழுத்து மூலம் விளக்கம் கேட்பேன். ஆசிரியர்களின் சொந்த எண்களைக் குழுவில் பகிர்ந்தவர்கள் இன்றே நீக்கிவிடுங்கள். பாடம் பற்றிய கேள்விகளை மாணவரின் நாட்குறிப்பில் எழுதி அனுப்புங்கள். இரண்டு வேலை நாளுக்குள் பதில் வரும்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் கொஞ்சம் கடுமையாகத்தான் தெரிகிறது. உங்களில் பெரும்பாலோருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அத்தனை சத்தத்துக்கு நடுவே 'காலையில் டீச்சரையே கேட்டுவிடலாமே' என்று ஒரே ஒரு வரி எழுதிய அம்மாவுக்கு என் நன்றி. அப்புறம் நேரில் வந்து ஆசிரியையிடம் வருத்தம் தெரிவித்த இருவருக்கும் நன்றி. அது எளிதான காரியம் இல்லை. பருவம் முழுவதும் பிள்ளைகளை நேரத்துக்கு அனுப்பி, கூட்டங்களுக்கு வந்து, எங்களோடு நின்ற உங்கள் எல்லோருக்கும் நன்றி.

அடுத்த பருவத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு, இதே பாடத்தைப் பெற்றோருக்காக ஒருமுறை நடத்த ஆசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார். வேதியியல் ஆய்வகத்துக்கு வாருங்கள். கருவியும் இருக்கும், பழமும் இருக்கும். சோதனை முடிந்ததும் பழத்தை நான் சாப்பிடுவதாக ஏற்பாடு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்