அந்த அறைக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் சுற்றுலாக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் ஹூஸ்டனில், ஓவியர் மார்க் ராத்கோவின் ஓவியங்கள் இருக்கும் ராத்கோ சேப்பல் என்ற பிரார்த்தனைக் கூடத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெளியே குளத்தருகில் குழுப்படம் எடுக்க ஆள் குறைகிறது என்று உள்ளே வந்து என் அப்பாவை எழுப்பிக் கூட்டிப்போனீர்கள். அன்றைக்கு நான் எதுவும் பேசவில்லை. ஆனால் இன்னும் மனசு ஆறவில்லை. அடுத்த முறை அங்கே ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அப்பாவுக்கு 76 வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தவர். டெக்சாஸ் வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும், எட்டுச் சுவரிலும் இருக்கும் 14 ஓவியங்களும் அவருக்கு வெறும் கறுப்பாகத்தான் தெரிந்தன. "என்னடா, எதுவுமே வரையலையே" என்றார். பெஞ்சில் உட்காரவைத்தேன். வயதான கண் மங்கலான வெளிச்சத்துக்குப் பழக நேரமாகும். பத்து நிமிடம் போயிருக்கும். "ஊதா தெரியுதுடா" என்றார் மெதுவாக. வெளியே மேகம் விலகியதோ என்னவோ, எதிர்ச் சுவரின் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. "கர்ப்பகிரகத்துல முதல்ல தீபந்தானே தெரியும், அப்புறந்தானே முகம்" என்றார். அந்த நேரத்தில்தான் அவர் தோளைத் தட்டினீர்கள்.

அந்த ஓவியங்கள் அப்படிக் காத்திருந்து பார்ப்பதற்காகவே வரையப்பட்டவை. 1964இல் கலைப் புரவலர்களான ஜான், டொமினிக் டி மெனில் தம்பதியர் சேப்பலுக்கு ஓவியம் வரையக் கேட்டுக்கொண்டதும், மார்க் ராத்கோ தன் நியூயார்க் பட்டறைக்குள் சேப்பல் சுவர்களின் அளவிலேயே தடுப்புகளை எழுப்பி, மேலே பாராசூட் துணியைக் கட்டி, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து வேலை செய்தார். 1971இல் சேப்பல் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஹூஸ்டன் வெயில் அந்த ஓவியங்களுக்கு மிகக் கடுமை. கூரைக் கண்ணாடியைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்து, 2020இல் புதிதாக அமைத்தார்கள். 2024இல் பெரில் புயலில் கூரை ஒழுகிச் சில ஓவியங்கள் சேதமாகி, சில மாதம் மூடிவைத்துக் கூரையைச் சரிசெய்தார்கள். இவ்வளவு பாடுபட்டுக் காத்த வெளிச்சத்தில் நாம் இருந்தது 20 நிமிடம். அதிலும் பாதி குழுப்படத்துக்கு.

முதலில் கத்தோலிக்கச் சேப்பலாகத் திட்டமிட்டது, இன்று எல்லா மதத்தாருக்கும் பொது. சிலுவை கிடையாது, சிலை கிடையாது. திருநீறு பூசிய என் அப்பா அங்கே கூச்சமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

விண்வெளி மையத்துக்கு நாலு மணி நேரம் கொடுத்தீர்கள், சரி, பிள்ளைகள் பார்க்கட்டும். துணிக்கடைகளுக்கு எதற்கு மூன்று மணி நேரம்? ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்து, கார் ஓட்டத் தெரியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற பெரியவர்களுக்காகத்தான் இந்தப் பயணம் என்று அறிவித்தீர்கள். எங்கே போனாலும் அவர்களை எண்ணி எண்ணி ஏற்றி இறக்குவதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுகிறதா? பேருந்தில் யாராவது அவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டோமா?

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிவிட்டேன். வார இறுதியையெல்லாம் விட்டுக்கொடுத்து, பைசா வாங்காமல் நீங்கள் ஓடியாடுவது எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன். அப்பா ஊர் திரும்ப இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் அடுத்த ஹூஸ்டன் பயணம் இருந்தால் எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். தயவுசெய்து அந்த அறைக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். எல்லோராலும் முடியாது என்றால், எங்களை அங்கே இறக்கிவிட்டு நீங்கள் கடைக்குப் போய்வாருங்கள். நாங்கள் அந்தப் பெஞ்சிலேயே இருப்போம்.

அன்புடன்,
உங்கள் சங்க உறுப்பினர் ஒருவர்